வண்டிக்கு வலித்த இடம்

சீட்டில் எனக்கு ‘வண்டி’ என்று வந்தது. ‘ஓட்டுநர்’ என்று வந்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது என்று சில நாள் தோன்றுகிறது. வேறு யாராவது எப்படியும் அதைச் சொல்லியிருப்பார்கள் என்று சில நாள் தோன்றுகிறது. இரண்டில் எது சரி என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குப் பகலில் வேலை, மாலையில் படிப்பு. டிப்ளமோ முடித்தவர்கள் வேலையை விடாமலே பொறியியல் பட்டம் வாங்கக் கோயம்புத்தூரில் மாலை நேர வகுப்புகள் உண்டு. என்னோடு படிக்கிறவர்கள் பம்புசெட் கம்பெனிகளிலும் ஃபவுண்டரிகளிலும் ஷிப்ட் முடித்துவிட்டு, கழுவியும் போகாத கிரீஸ் விரல்களோடு வந்து உட்காருவார்கள். நான் ஒரு கார்ப் பந்தய அணியின் பட்டறையிலிருந்து வருவேன். ஓடும் வண்டி அனுப்பும் அளவுகளை வாங்கிப் பிரித்து, எந்த இடத்தில் நேரம் வீணாகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. பெயர் சஷ்டிகா. எதையும் வரிசைப்படுத்தாமல் யோசிக்க வராது. வரிசைப்படுத்திய பிறகும் சந்தேகம் போகாது.

அணியின் முதலாளி சம்பத் சாருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பந்தயம், இன்னொன்று பட்டிமன்றம். எங்கள் மாலை வகுப்பின் ஆண்டு விழாவில் வருடா வருடம் அவர்தான் நடுவர். தலைப்பும் அவர் கொடுப்பதுதான். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் துண்டுச் சீட்டு போட்டுக் குலுக்கி எடுப்போம். நம்புகிற பக்கம் பேசக் கிடைக்காது. கிடைத்த பக்கத்தை நம்பிக்கொள்ள வேண்டும். அது எங்கள் வழக்கம்.

அந்த வருடத் தலைப்பு, ‘பந்தயத்தில் வெல்வது வண்டியா, ஓட்டுநரா?’

ஊரே அப்போது அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் அணியின் ஜீவானந்தம் தொடர்ந்து நான்காவது முறையாகக் கோப்பை வாங்கியிருந்தார். அவர் ஓட்டுவது ஒன்றாம் நம்பர் வண்டி. அதே வரைபடத்தில் செய்த இரண்டாம் நம்பரைப் போத்தனூர்ப் பையன் ஆல்வின் ஓட்டினான். அவன் முதல் ஐந்துக்குள் வந்தாலே பட்டறையில் கேக் வெட்டுவோம். புதிய பாகம் எது வந்தாலும் முதலில் ஒன்றாம் நம்பருக்குப் போகும். இரண்டாம் நம்பருக்கு அடுத்த வருடம் போகும். ஆகவே பேச இடம் இருந்தது. ஜீவாண்ணன் மேதை என்றார்கள் ஒரு பாதிப் பேர். அந்த வண்டியில் யார் உட்கார்ந்தாலும் ஜெயிக்கலாம் என்றார்கள் மறு பாதி.

எதிர் அணியில் பேசியவர் முபாரக் அண்ணன். ஃபவுண்டரியில் சூப்பர்வைசர், மேடை கிடைத்தால் விடமாட்டார்.

“நடுவர் அவர்களே! எங்க மாமியார் வீட்டுல புதுசா அடுப்பு வாங்கியிருக்காங்க. அஞ்சு பர்னர், தொட்டா பத்திக்கும், கையைக் காட்டுனா அணைஞ்சிரும். ஆனா பிரியாணி மட்டும் இன்னிக்கு வரைக்கும் கஞ்சியாத்தானுங்க வருது! அடுப்பா சமைக்குது? கையில்லீங்களா சமைக்குது?”

அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் ஜீவாண்ணன் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் தொடையில் தட்டினார். அவர் கைதட்டும் விதம் அதுதான். ஏன் என்று நான் அப்போது யோசித்ததில்லை.

என் முறை வந்தது. நான் காகிதத்தைப் பார்த்துத்தான் பேசினேன்.

“நடுவர் அவர்களே, முதலில் எது வண்டி, எது ஓட்டுநர் என்று பிரித்துக்கொள்வோம். பந்தயம் முடிந்து ஓட்டியவர் இறங்கும்போது, அவர் கூட எது இறங்குகிறதோ அது ஓட்டுநர். அவர் இறங்கிய பிறகும் எது நிற்கிறதோ அது வண்டி. இப்படிப் பிரித்துவிட்டால் வாதமே தேவையில்லை. நம் அணியின் இரண்டு ஓட்டுநர்களையும் வண்டி மாற்றி உட்கார வைப்போம். வெற்றி ஆளோடு போகிறதா, வண்டியோடு நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். நான் வண்டியோடு நிற்கும் என்கிறேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், சீட்டில் அப்படி வந்திருந்தது. அவ்வளவுதான்.

சம்பத் சார் கண்ணாடியைக் கழற்றினார். “நான் இத்தன வருசம் நடுவரா இருந்திருக்கேன். தீர்ப்ப ஒத்தி வெச்சதில்ல. இன்னிக்கு ஒத்தி வெக்கறேன். அம்மிணி சொன்ன மாதிரியே மாத்திப் பாத்துட்டுச் சொல்லலாமுங்க” என்றார்.

மேடைப் பேச்சு என்று நினைத்தேன். மறுநாள் காலை பட்டறைக்குப் போனபோது அவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஜீவாண்ணன் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்தால் நானும் சேர்ந்து மறுக்கத் தயாராக இருந்தேன். அவர், “மாத்திரலாமுங்க சார்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அப்புறம் தண்ணீர் கேன் பக்கத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். இடது மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தார்.

“அண்ணா, நான் சும்மா பேசுனதுங்க. சீட்டுல வந்துச்சு.”

“தெரியும் சஷ்டி. ஆனா எனக்கே தெரிஞ்சுக்கோணும். கோப்பையக் கைல குடுத்து, போட்டோ புடிச்சு, எல்லாரும் கை தட்டறப்ப, இது யாரோடதுன்னு ஒரு நெனப்பு வரும். வருசா வருசம் வருது. முப்பத்தஞ்சாச்சு. ஓட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு பதில் வேணும்.” துணியை அவிழ்த்து மறுபடி நனைத்தார். “நான்தான்னு வந்தாலும் சரி, இல்லேன்னு வந்தாலும் சரி.”

கடைசி வாக்கியத்தை அவர் நம்பிச் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் மற்றவர் மனதைப் பற்றி எனக்குப் படுவதெல்லாம் சரியாக இருந்ததில்லை.

மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் என் விதிப்படி பிரித்தேன். தலைக்கவசம், கையுறை, ஓட்டுநருடன் போகும். இருக்கையும் போகும், அது அவரவர் முதுகின் அச்சில் வார்த்தது. எஞ்சின், டயர், சக்கரத் தண்டு, எல்லாம் வண்டியோடு நிற்கும். ‘தம்பி’யும் வண்டியோடு நிற்கும்.

தம்பி யார் என்று மாலை வகுப்பின் தேநீர் இடைவேளையில் முபாரக் அண்ணன் கேட்டார்.

“டிபன் பாக்ஸ் அளவுல ஒரு டப்பாங்கண்ணா. சீட்டுக்கு அடியில இருக்கும். முன்ன ஒரு பந்தயத்துல ரெண்டு பேரு செத்துப் போனாங்க இல்லீங்களா, அதுக்கப்புறம் எல்லா வண்டியிலயும் இருக்கோணும்னு விதி வந்துச்சு. வண்டி வழுக்கற மாதிரி இருந்தா ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் லேசாத் திருத்தி விடும். ஓட்டறவங்களுக்கே தெரியாது.”

“அதுக்கு எப்படித் தெரியும், எவ்வளவு திருத்தறதுன்னு?”

“ஓட ஓடக் கத்துக்கும். ரோடு, டயரு, வண்டியோட குணம், எல்லாம்.”

“அப்ப மொத வருசம் எல்.கே.ஜி., அப்புறம் டிகிரி. நம்மள மாதிரி அரியர் வெக்காதா?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ரோடு, டயர், வண்டியின் குணம் என்றுதான் கருவியைச் செய்தவர்களின் விளக்கத்திலும் இருந்தது. அது யாருடைய கை வழியாக இதையெல்லாம் கற்றுக்கொள்கிறது என்று முபாரக் அண்ணன் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். அதிகாரிகள் வைத்த அரக்கு முத்திரையோடு அது வண்டியில் முடுக்கப்பட்டிருந்தது. இறங்கும்போது கூட இறங்காது. ஆகவே வண்டி என்ற பக்கத்தில் எழுதினேன்.

மாற்றிய பிறகு நடந்த முதல் பந்தயத்தில் ஆல்வின் ஜெயித்தான்.

இறங்கியதும் தலைக்கவசத்தைக் கழற்றாமலே அழுதான். “நான் ஒண்ணுமே பண்ணலைக்கா. வண்டி தானா போகுது” என்றான். அதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜீவாண்ணன் ஏழாவது. அடுத்த பந்தயத்தில் வழுக்கிச் சுழன்று மணலில் இறங்கினார். மூன்றாவதில் முந்தப் பார்த்து முன் சக்கரத்தை உடைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் என் மேஜைக்கு வந்து, “எங்கே விட்டேன், காட்டு” என்பார். காட்டுவேன். இந்த வளைவில் சீக்கிரம் பிரேக் பிடித்துவிட்டீர்கள், அந்த வளைவில் தாமதம் என்பேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த முறை அவற்றைத் திருத்திக்கொண்டு வேறு இடத்தில் தவறுவார். சீசன் முடிந்தபோது ஆல்வின் கையில் கோப்பை இருந்தது.

சம்பத் சார் கெட்டவர் இல்லை. பட்டறையில் எல்லோருக்கும் டீ வரவழைத்து, ஜீவாண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னார். “அம்மிணி பேசுனது சரியாப் போச்சுங்க ஜீவா. வண்டிதான். தப்பா நெனச்சுக்காதீங்க. சின்னப் பையன் ஓட்டுனாலும் அதே வேகம் வருதுன்னா, நான் சின்னப் பையனத்தான வெச்சுக்கோணும்?”

“நெனக்கறதுக்கு என்னங்க சார் இருக்குது. நாந்தான் கேட்டேன்” என்றார் ஜீவாண்ணன்.

இரண்டாம் நம்பரிலிருந்து தன் இருக்கையை அவரே கழற்றினார். அவர் முதுகின் பள்ளம் மேடு எல்லாம் அதில் இருந்தது. வேறு யாரும் அதில் உட்கார முடியாது. அதைத் தூங்கும் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு, பைக் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனார். பின்சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். கட்டும்போது இடது கையால் இழுக்க முடியாமல் பல்லால் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போய் உதவலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் போய்விட்டார்.

மழைக்காலம் முடிந்து பயிற்சி ஓட்டம் தொடங்கியது. பல்லடம் சாலைக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஓடுதளம். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த நிலம். மூன்றாவது திருப்பத்தில் ஒரு பெரிய கிணற்றை மண் கொட்டி மூடி அதன் மேல் தார் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்த இடம் கொஞ்சம் அமுங்கும். வண்டி அதில் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் ஒரு உதை உதைக்கும். அதற்குக் கிணற்று வளைவு என்று பெயர்.

ஒருநாள் மதியம் ஆல்வின் என் மேஜைக்கு வந்து நின்றான்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது.”

“சிரிக்க மாட்டேன், சொல்லு.”

“கிணத்து வளைவுல ஸ்டீயரிங் என் கைய லேசாத் தளர்த்தி விடுது. பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே. உதை வாங்கப் பயந்த மாதிரி. இடது பக்கம் மட்டும்.”

“பள்ளத்துக்காக இருக்கும்.”

“இல்லக்கா. இழுத்துப் புடிச்சாத்தான் அங்க வேகம். விட்டா நேரம் போகுது. வண்டிக்கு அது தெரியாதா? மத்த இடத்துல எல்லாம் அவ்வளவு தெரியுதே!” தன் இடது கையை மடக்கி நீட்டினான். “கை வலிக்கிறவங்க பண்ற மாதிரி இருக்குக்கா.”

எனக்குத் தண்ணீர் கேனும் ஈரத்துணியும் நினைவுக்கு வந்தன. தொடையில் தட்டும் வலது கையும், பல்லில் பிடித்த கயிறும் நினைவுக்கு வந்தன. பல வருடங்களுக்கு முன் ஒரு விபத்தில் அவருக்கு இடது மணிக்கட்டு உடைந்து தகடு வைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அது ஆறிவிட்டது என்றும் எல்லோருக்கும் தெரியும். ஆறவில்லை என்று சொல்லியிருந்தால் டாக்டர் தகுதிச் சான்று கொடுத்திருக்க மாட்டார். ஆகவே அவர் சொல்லவில்லை. கிணற்று வளைவு வரும்போது மட்டும் உதைக்கு முன்பே இடது கையைத் தளர்த்திக்கொண்டார். நான்கு வருடங்கள், ஒவ்வொரு சுற்றிலும். சீட்டுக்கு அடியில் இருந்த தம்பி அதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

என் ஊகத்தை நான் நம்பவில்லை. சம்பத் சாரிடம் ஒருநாள் ஓடுதளம் கேட்டு வாங்கினேன். சீசன் இல்லாத மாதங்களில் முத்திரையை உடைக்கத் தடையில்லை. ஒன்றாம் நம்பரின் டப்பாவைக் கழற்றி இரண்டாம் நம்பரில் மாட்டினோம். ஒன்றாம் நம்பருக்குப் புத்தம் புதிய டப்பா. ஆல்வின் இரண்டையும் மாறி மாறி ஓட்டினான். நான்கு வருடம் யாராலும் ஜெயிக்க முடியாமல் இருந்த ஒன்றாம் நம்பர், பத்தோடு பதினொன்றாக வந்தது. பழைய பாகங்கள் போட்ட இரண்டாம் நம்பர் பறந்தது. கிணற்று வளைவில் பயந்தது.

சம்பத் சாரிடம் ஓடாத குறையாகப் போனேன். வேலை போகும் என்ற பயம் இல்லை. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

“ஜெயிச்சது வண்டி இல்லீங்க சார். ஜீவாண்ணன்தான். ஆல்வின் ஓட்டுனப்பவும் அவருதான் ஓட்டியிருக்காரு. அவரு இறங்கிட்டாரு, அவரு கத்துக் குடுத்தது இறங்கல. நான் பிரிச்சதே தப்புங்க.”

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேள்வி கேட்டார். சரியான கேள்விகள்தான். பிறகு போனை எடுத்தார். ஜீவாண்ணனைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கருவியைச் செய்தவர்களைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, ஒரு டப்பாவுல இருக்கறத அப்படியே இன்னொரு டப்பாவுக்கு எடுத்துப் போட முடியுங்களா? ... ஓ, ஒரு மணி நேர வேலைதானுங்களா? ரொம்ப சந்தோசம்.”

“சார், ஜீவாண்ணனக் கூப்பிட மாட்டீங்களா?”

அவர் என்னை உண்மையான வியப்போடு பார்த்தார். “எதுக்கு அம்மிணி? அவரு எங்க போனாரு? இங்கதான இருக்காரு.” வண்டியைக் காட்டினார்.

“அது அவரோட திறமைங்க சார்.”

“வண்டியில இருக்கறது வண்டியோடது. நீ சொன்னதுதான அம்மிணி? இறங்குன பொறவும் எது நிக்குதோ அது வண்டின்னு. அதவிடத் தெளிவா அந்த மேடையில யாரும் பேசுனதில்ல.”

 

நகல் எடுத்தார்கள். இரண்டு வண்டியும் இப்போது பறந்தன. சில வாரங்கள் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். அப்புறம் நகல், தான் செய்த திருத்தத்தையே ஓட்டுநரின் கை என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே கற்றுக்கொள்ள ஆரம்பித்தது. கிணற்று வளைவில் அது கையைத் தளர்த்தும். தளர்த்தியதைப் பார்த்து, இங்கே தளர்த்த வேண்டும் போல என்று இன்னும் கொஞ்சம் தளர்த்தும். அந்தப் பயம் ஓட்டத்துக்கு ஓட்டம் வளர்ந்தது. எனக்கு அது தெரிந்திருந்தது. இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் ஒரு பயிற்சி ஓட்டத்தில் ஸ்டீயரிங் ஆல்வினின் கையிலிருந்து மொத்தமாக நழுவி, வண்டி நேராக டயர்ச் சுவரில் போய் மோதியது.

தோளில் சிராய்ப்போடு தப்பித்தான். “அவருக்கு அவ்வளவா வலிச்சிருக்கும்?” என்று கேட்டான். பயந்துபோன பையன் கேட்கிற கேள்வியா அது?

“அந்த ஒரு பழக்கத்த மட்டும் எடுத்துரு அம்மிணி. அடுத்த சீசனுக்குள்ள” என்றார் சம்பத் சார்.

எடுக்க முடியும். அந்த இடத்தில் கற்றதை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பக் கற்பிக்கலாம். எடுக்கத்தான் வேண்டும்; இல்லாவிட்டால் ஆல்வின் சாவான். ஆனால் டப்பாவுக்குள் இருப்பவர் யார் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். ஒரு இயந்திரம் வேகத்தைத் தானாகவே கற்றுக்கொண்டது என்று யாரும் சொல்லிவிடலாம். வலியைத் தானாகவே கற்றுக்கொண்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜீவாண்ணனைத் தேடிப் போனேன். சிங்காநல்லூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருந்தார். கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்த கார். கொண்டை போட்ட ஒரு அம்மா வியர்த்துப்போய் அதிலிருந்து இறங்கினார். “நாளைக்கு ரிவர்ஸ் போடலாமுங்க அம்மா, பயப்படாதீங்க” என்று அனுப்பிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இப்ப நாந்தான் சஷ்டி, அந்தத் ‘தம்பி’ வேல பாக்கறேன். அவங்க தப்பாத் திருப்புனா பக்கத்துல இருந்து லேசாத் திருத்தி விடறது. அவங்களுக்கே தெரியாது” என்று சிரித்தார்.

அந்தக் காருக்குள் உட்கார்ந்தே எல்லாவற்றையும் சொன்னேன்.  முடிந்ததும் வைப்பரை ஒருமுறை போட்டு நிறுத்தினார்.

“அப்ப அந்த சீசன்ல நான் யாருகிட்டத் தோத்தேன்?”

“உங்ககிட்டத்தானுங்கண்ணா.”

“அடப்பாவி” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. “நல்லாத்தான் ஓட்டியிருக்கேன் போல.”

மறுநாள் ஓடுதளத்துக்கு வந்தார். சம்பத் சார் வாசல் வரை போய், “வாங்க சாம்பியன்!” என்று அழைத்து வந்தார். பழுது பார்த்து நிறுத்தியிருந்த ஒன்றாம் நம்பரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் உடனே ஒப்புக்கொண்டார். மெதுவாக, இரண்டு சுற்று. ஜீவாண்ணன் வீட்டிலிருந்து தன் இருக்கையைக் கொண்டுவந்திருந்தார். அதே கயிறு. ஆனால் இந்த முறை இரண்டு கையாலும் அவிழ்த்தார்.

நான் கிணற்று வளைவில் வேலியோரம் நின்றிருந்தேன். முதல் சுற்றில் வண்டி சாதாரணமாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் அந்த இடம் வந்ததும் அவர் பிடியைத் தளர்த்தி, உள்ளங்கையை ஸ்டீயரிங் மேல் சும்மா வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. வண்டி இடது பக்கம் லேசாகத் துவண்டு, பள்ளத்தைக் கடந்து, மறுபடி நிமிர்ந்தது.

இறங்கி, கையுறையைக் கழற்றினார். மணிக்கட்டில் புதிய தையல் வடு இருந்தது.

“இங்கிருந்து போன பொறவுதான் ஆபரேசன் பண்ணிக்க நேரம் கெடச்சுது. தகட்ட எடுத்துட்டாங்க. இப்ப ஒண்ணுமே இல்ல சஷ்டி.” கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு வண்டியைப் பார்த்தார். “இவனுக்கு இன்னும் வலிக்குது.”

தன் இருக்கையைக் கழற்றக் குனிந்தார்.

“எடுத்துரு.”

“அண்ணா, எடுத்துட்டா அது நீங்கதான்னு காட்ட எதுவும் இருக்காதுங்க.”

“யாருக்குக் காட்டோணும்? எனக்குத் தெரியோணும்னு இருந்துச்சு, தெரிஞ்சிருச்சு.” டயர்ச் சுவர்ப் பக்கம் பார்த்தார். “அந்தப் பையன் கழுத்த முறிச்சுக்கிட்டு நான் என்னத்த நிரூபிக்கறது? எடுத்துரு.”

இரண்டு டப்பாவிலிருந்தும் எடுத்தேன். ஒரு பகல் வேலை. மறுபடி ஓட்டிவிட்டு வந்த ஆல்வின், “சரியாயிருச்சுக்கா” என்றான். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். “நல்லாத்தான் இருக்கு. ஆனா கூட யாரும் இல்லாத மாதிரி இருக்கு.” ஒன்றாம் நம்பர் முன்னைவிட வேகமாக ஓடியது.

ஆண்டு விழா வந்தது. சம்பத் சார் போன வருடத் தலைப்பையே மறுபடி கொடுத்தார். மேடையில் தீர்ப்புச் சொல்லாமல் விட்டது அவருக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது. முபாரக் அண்ணன் டிபன் பாக்ஸைக் குலுக்கி என் முன்னால் நீட்டினார். பிரித்தேன். ‘ஓட்டுநர்’.

“என்ன அம்மிணி, கட்சி மாறிட்டே!” என்றார் அவர்.

மேடையேறினேன். இறங்கியபிறகும் ஒருவரில் ஒரு பகுதி இறங்காமல் தங்கிவிடக்கூடும் என்று சொன்னேன். ஒரு வண்டி ஒரு மனிதனின் வலியைச் சுமந்துகொண்டு ஓடியது என்று சொன்னேன். கேட்க நன்றாக இருந்திருக்க வேண்டும்; எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். முபாரக் அண்ணன் எழுந்து, “அருமையான கற்பனைங்க. எதிரணி அதுக்கு ஒரு ஆதாரம் காட்டட்டும், நான் இப்பவே உக்காந்துக்கறேன்” என்றார். சீட்டில் அவருக்கு வந்ததை அவர் பேசினார். அவர் மேல் தப்பில்லை.

காட்ட என்னிடம் எதுவும் இல்லை. நான்தான் அழித்திருந்தேன்.

சம்பத் சார் எழுந்து, இரண்டு பக்கத்தையும் பாராட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வெல்வது வண்டியே என்று தீர்ப்பளித்தார். அரங்கம் கைதட்டியது. நான் கூட்டத்தில் ஜீவாண்ணனைத் தேடினேன். கடைசி வரிசையில் இருந்தார். எல்லோரும் தட்டி முடித்த பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார், இரண்டு கையாலும், நல்ல சத்தமாக.